வாசல் வரைக்கும் ஒரு வண்டி

நான் செய்த வண்டிகளில் ஒன்றைத் தவிர வேறெதுவும் இதுவரை எந்தக் கதவிலும் மாட்டிக்கொண்டு நின்றதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பிற்பாடு விசாரணைக் குழு எழுத்துமூலம் விளக்கம் கேட்டபோது நான் கொடுத்த பதிலின் முதல் வரி இது. பல் டாக்டர்களுக்கு, ஸ்கேன் எடுக்கும் இடங்களுக்கு, இருபது லேப்டாப்பை ஒரே அடுக்கில் வைத்து வகுப்பு வகுப்பாகத் தள்ளிக்கொண்டு போகும் பள்ளிக்கூடங்களுக்கு என்று பதினாறு வருடமாகச் சக்கரம் வைத்த சாமான் செய்து பிழைக்கிறேன். ஆர்டர் வந்தால் முதலில் சாமானை அளக்க மாட்டேன், அது போகவேண்டிய வழியைத்தான் அளப்பேன். கதவு, லிஃப்ட், திருப்பம், நிலைப்படி எல்லாம் பார்த்த பிறகுதான் இரும்பில் கை வைப்பேன்.

ஒரே ஒரு தடவை அளக்காமல் வாயைத் திறந்தேன். அந்தக் கதைதான் இது.

என் மாமனார் முப்பத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய இதயம் திடீர் திடீரென்று தாளம் தப்பியது. நெஞ்சுக்குள் தீப்பெட்டி அளவு கருவி ஒன்றை வைத்தால் சரியாகிவிடும் என்றார்கள். அதை வைக்க ஒரு வரிசை இருந்தது. மாமனார் நாற்பத்தொன்றாவது ஆள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே வரிசையின் வாலைப் பிடிக்கவேண்டும். அதனால் மூன்றாவது மாடியில், இருபத்து நான்கு கட்டில் போட்ட இதய வார்டில், ஜன்னலை ஒட்டிய இருபத்திரண்டாம் நம்பர் கட்டிலில் படுத்துக்கொண்டு, தன் பழைய விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காத்திருந்தார். தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு விசில் கொடுப்பார். நர்ஸ் வந்து கொடுத்துவிட்டுத் திரும்பினால் ரெண்டு விசில், போகலாம் என்று அர்த்தம். தலைமை நர்ஸ் ஒருத்திதான் இதற்கெல்லாம் சிரிப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பாட்டுத் தட்டு மடியில் இருக்கும்போதே மாமனாரின் இதயம் நின்றுவிட்டது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். தட்டு கீழே விழுந்து உருண்ட சத்தம் அடங்குவதற்குள் தலைமை நர்ஸ் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். நாற்காலியில் நோயாளி உட்காரும் இடத்தில், இதயத்துக்கு ஷாக் கொடுக்கிற மெஷினை பேண்டேஜ் துணியால் ரெண்டு சுற்றுச் சுற்றிக் கட்டி வைத்திருந்தார்கள். கால் வைக்கும் பலகை இரண்டும் அந்த நாற்காலியில் இல்லை, இடது சக்கரம் கீச்கீச்சென்றது. ஆனால் வார்டின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நாற்பது நொடியில் வந்துவிட்டது. ஒரு ஷாக்தான். மாமனார் கண்ணைத் திறந்து, "எவன்டா தள்ளினது?" என்று கேட்டார்.

மாமனாருக்கு மூச்சு சீரானதும் முதலில் என் கண்ணில் பட்டது அந்த நாற்காலிதான். தொழில் புத்தி. மாமனாரின் காய்ச்சல் அட்டையின் பின்பக்கத்தில் அங்கேயே ஒரு வண்டி வரைந்தேன். அகலம் ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். ஒரு தட்டு, ஒரு கைப்பிடி, சத்தமில்லாத நான்கு சக்கரம். மெஷினைப் பிடித்துக்கொள்ள ஒரு பட்டை, அதை ஒரே இழுப்பில் அவிழ்த்துவிடலாம். தலைமை நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு நாள்ல முடியுமா?"

"நாளைக்கே முடியும் சிஸ்டர்."

அதோடு விட்டிருக்கலாம். சிக்கனமாகப் பேசிப் பழக்கமில்லாத வாய். "இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, இதுக்குன்னு ஒரு வண்டி இல்லையா? கேக்கவே அசிங்கமா இல்ல?" என்று நாலு கட்டிலுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். எனக்குப் பின்னால் துணை இயக்குநர் நின்றுகொண்டிருந்தார்.

அவர் கோபப்படவில்லை. பல நாளாகத் தேடிக்கொண்டிருந்த ஏதோ கிடைத்துவிட்டதுபோல முகம் மலர்ந்தது. "நல்ல கேள்வி. இதை நான் மேல கொண்டு போறேன்" என்றார்.

அன்று மாலையே மெஷினைக் கீழே கொண்டு போய்விட்டார்கள். உத்தரவின் நகல் வார்டில் ஒட்டப்பட்டது. விலைமதிப்புள்ள உயிர்காப்புக் கருவி, பழுதடைந்த நாற்காலியில், பேண்டேஜ் துணியால் கட்டப்பட்ட நிலையில் இருப்பது நிறுவனத்தின் மாண்புக்கு உகந்ததல்ல என்பதால், தகுந்த ஊர்தி தயாராகும் வரை அக்கருவி தரைத்தளச் சேமிப்பறையில் பாதுகாப்பாக வைக்கப்படும். நாற்காலி கழிக்கப்பட்டதாக அறிவித்துச் சிவப்புச் சீட்டு ஒட்டினார்கள். தலைமை நர்ஸ் சீட்டைக் கிழித்துவிட்டு, நோயாளிகளைக் குளிப்பாட்ட உதவும் என்று நாற்காலியைக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

வீட்டில் என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "உங்களை யாருங்க வாயைத் திறக்கச் சொன்னது?"

மாமனார் இதை விளையாட்டாக எடுத்துக்கொண்டார். நான் வார்டுக்குள் நுழைந்தாலே விசில் கொடுத்து, "மாப்ளே, வண்டி எப்ப வரும்?" என்பார். முப்பத்திரண்டு வருடம் மற்றவர்கள் அவரைக் கேட்ட கேள்வி. இப்போது கேட்கிற முறை அவருக்கு வந்திருக்கிறது என்று அவருக்குச் சிரிப்பு.

"வந்துக்கிட்டே இருக்கு மாமா."

"இதையேதான் நானும் சொல்லுவேன்" என்பார்.

குழு கூடியது. அதன் பெயர் நடமாடும் உயிர்காப்பு ஊர்தி வடிவமைப்பு ஆலோசனைக் குழு. பதினொரு பேர். தலைமை நர்ஸ் அதில் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, வண்டியைத் தள்ளப்போகிறவர்களையே குழுவில் சேர்த்தால் பாரபட்சம் வந்துவிடும் என்று துணை இயக்குநர் விளக்கினார். எனக்கு மேசையின் கடைசியில், குழுவில் சேராத ஆளாக, ஒரு ஸ்டூல் போட்டார்கள்.

காய்ச்சல் அட்டையை மேசையில் வைத்தேன். அது கை மாறி மாறிப் போய் வந்தது.

"ஒரே ஒரு தட்டுதான் இருக்கு" என்றார் துணை இயக்குநர். "நான் குறை சொல்லலை. ஆனா நாம என்ன சின்ன ஆஸ்பத்திரியா? நாளைக்கு வெளிநாட்டுல இருந்து ஒருத்தர் வந்து பார்த்தா, இவங்களுக்கு ஒரு தட்டுதான் தெரியும்னு நினைக்க மாட்டாரா?"

கணினிப் பிரிவின் தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி பேசினாள். "இந்த மெஷினால எத்தனை பேர் பிழைச்சாங்கன்னு நம்மகிட்ட இன்னிக்கு வரைக்கும் தகவல் இல்ல. தகவல் இல்லாம ஒருத்தர் பிழைச்சா, அவர் பிழைச்சார்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"எழுந்து உட்கார்ந்து பேசுவாரும்மா" என்றேன்.

"அது வாய்மொழி" என்றாள்.

ஆகவே வண்டியில் ஒரு கணினித் திரை, ஒரு விசைப்பலகை, ஒரு பிரிண்டர். யாருக்கு, எதற்கு, யார் அனுமதியோடு என்று பதிவு செய்த பிறகுதான் மெஷினுக்குக் கரண்ட் போகும். ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர் எழுபதாயிற்று.

அடுத்து பாதுகாப்பு அதிகாரி எழுந்தார். மெலிந்த மனிதர், உட்காரும் முன் நாற்காலியை ஆட்டிப் பார்த்து உட்காருகிறவர். "வண்டின்னா நகரும். அதுதான் எனக்குக் கவலை. போன வருஷம் இந்த வளாகத்துல நடந்த விபத்து அத்தனையும் நான் ஆராய்ஞ்சேன். நூத்துக்கு நூறு, ஏதோ ஒண்ணு நகர்ந்ததாலதான் நடந்திருக்கு. நகராத பொருளால ஒரு விபத்துகூட இல்ல." குழுவில் சிலர் அதைக் குறித்துக்கொண்டார்கள். வண்டி நகராமல் இருக்கமுடியுமா என்று யோசிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. நல்லவேளையாகச் சுற்றிலும் தடித்த ரப்பர் வைத்தால் போதும் என்று முடிவாயிற்று. எழுபது எழுபத்தெட்டாயிற்று.

அந்த வாரம் வியாழக்கிழமை, மாமனாரின் பக்கத்துக் கட்டில்காரருக்கு இதயம் நின்றது. அவர் ஒரு தையல்காரர். செய்தித்தாளை நடுவில் பிரித்து ஒரு பாதியை மாமனாருக்குக் கொடுத்துவிட்டு மற்ற பாதியைப் படிப்பவர். தலைமை நர்ஸ் அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாள். இன்னொரு நர்ஸ் மூன்று பிரதி படிவத்தை நிரப்பிக்கொண்டு தரைத்தளத்துக்கு ஓடினாள். மெஷின் பதினேழு நிமிடத்தில் மேலே வந்தது. சேமிப்பறைப் பதிவேட்டில் அன்றைய வரி இது: "கருவி சென்று சேர்வதற்குள் தேவை நீங்கியபடியால், கருவி நல்ல நிலையில் திரும்பப் பெறப்பட்டது."

மறுநாள் மாமனார் விசில் கொடுக்கவில்லை. செய்தித்தாளின் ஒரு பாதி அவர் மடியில் இருந்தது, நேற்றைய தேதி. "மாப்ளே, வண்டி எப்ப வரும்?" என்று கேட்டார். அன்று அவர் சிரிக்கவில்லை.

இரவு சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி சொன்னாள், "அப்பா விளையாட்டுக்குக் கேக்கலைங்க. பயத்துல கேக்குறார். உங்ககிட்ட பயப்படுறதா சொல்ல அவருக்கு வெக்கம்."

தட்டைத் தள்ளிவைத்தேன். குற்றவாளி மாதிரி இருந்தது. மாதிரி என்ன, குற்றவாளியேதான். மறுநாளே பட்டறையில் உட்கார்ந்து அந்த ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர் வண்டியைச் செய்து முடித்து, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். கேட்டில் இருந்த காவலாளி, வண்டி எந்தப் பதிவேட்டிலும் இல்லை, உள்ளே விடமுடியாது என்றார். கெஞ்சியதில், நோயாளியின் சொந்த உபயோகப் பொருள் என்று போர்வை, ஃபிளாஸ்க் பட்டியலில் எழுதி உள்ளே விட்டார். ஆனால் வைக்க மெஷின் வேண்டுமே. சேமிப்பறைக்காரர் என் வண்டியைத் தட்டிப் பார்த்து, "நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க" என்றார். "ஆனா இது குழு பண்ணின வண்டி இல்லையே." வண்டி மாமனாரின் கட்டில் அருகே நின்றது. அதில் அவர் ஃபிளாஸ்க்கை வைத்துக்கொண்டார்.

மூன்றாவது கூட்டத்தில் பக்கவாட்டில் ஒரு மேசைப் பலகை சேர்த்தார்கள். பிரிண்டரில் வரும் தாளில் கையெழுத்துப் போட இடம் வேண்டுமாம். அதோடு வண்டியின் அகலம் தொண்ணூற்றொரு சென்டிமீட்டர் ஆனது. நான் ஸ்டூலை விட்டு எழுந்தேன்.

"சார், வார்டுக் கதவு எண்பத்தாறுதான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கட்டடப் பொறியாளரை அழைத்தார்கள். அவர் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு சொன்னார், "கதவு முப்பது வருஷமா இருக்கு. வண்டி இன்னும் வரவே இல்ல. சீனியாரிட்டி கதவுக்குத்தான்."

"அது ரெட்டைக் கதவுதானே சார்? இன்னொரு பக்கத்தையும் திறந்துட்டா?"

"அதுல அறிவிப்புப் பலகை இருக்கு."

உண்மைதான். போய்ப் பார்த்தேன். 'அவசரகாலத்தில் இரு கதவுகளையும் முழுமையாகத் திறக்கவும்' என்று எழுதிய இரும்புப் பலகையை, கதவுக்கும் சுவருக்கும் சேர்த்து நான்கு போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். அதைக் கழற்றுவது தீயணைப்புக் குழுவின் வேலை. அந்தக் குழு வருடத்துக்கு ஒருமுறை கூடும், இந்த வருடம் கூடி முடித்துவிட்டது.

பக்கப் பலகையை மடக்குகிற மாதிரி வைக்கிறேன் என்றேன். ஒரு கீல், ஒரு கொக்கி, ஐந்து நிமிட வேலை. பாதுகாப்பு அதிகாரி தன் விரல்களை விரித்து எல்லோருக்கும் காட்டினார். "மடங்குற எடத்துலதான் விரல் நசுங்கும். நான் விரலோட ரிட்டையர் ஆகணும்னு நினைக்கிறேன்." பலகையை வெல்டு வைக்கச் சொன்னார்கள். கூட்டக் குறிப்பில், "கதவு பற்றி விரிவாக விவாதிக்கப்பட்டது. கதவு திருப்திகரமாக உள்ளது" என்று எழுதினார்கள்.

முடியாது என்று எழுந்து வந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் கேட்டாள். நான் வந்துவிட்டால் வேறு ஆளைத் தேடுவார்கள், இன்னும் ஆறு மாதம் மெஷின் கீழேதான் கிடக்கும். முடித்துக் கொடுத்தால் வார்டு வாசல் வரைக்குமாவது வரும். வாசலில் நின்றாலும் பட்டையை இழுத்து மெஷினை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம், பதினைந்து கிலோதான். தலைமை நர்ஸிடம் இதைச் சொன்னேன். "வாசல் வரைக்கும் வரட்டும், மிச்சத்தை நான் பாத்துக்குறேன்" என்றாள்.

இந்தத் திட்டத்தையும் நானேதான் கெடுத்தேன். கடைசிக் கூட்டத்தில் பாதுகாப்பு அதிகாரி பட்டையைச் சுட்டிக்காட்டினார். "ஒரே இழுப்புல வருதே. யார் வேணும்னாலும் எடுத்துட்டுப் போயிடுவாங்களே?" பதினோரு பேரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை வாரத்தில் முதல் தடவையாக என் தொழில் சம்பந்தமாக ஒரு கேள்வி. பட்டைக்குப் பதிலாக மூன்று மூலைத் தலை வைத்த திருகாணி எட்டு, என் கையாலேயே கடைந்து போடுகிறேன், அதற்கென்று நான் செய்யும் சாவி ஒன்றைத் தவிர உலகத்தில் எந்தக் கருவியாலும் கழற்றமுடியாது என்று சொல்லிவிட்டேன். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வேலைக்காரனின் கர்வம் முந்திக்கொண்டது. குழு கை தட்டியது. வீட்டுக்கு வந்து, இன்று எனக்குக் கை தட்டினார்கள் என்று மனைவியிடம் சொல்லவும் செய்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

சாவியை உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்துச் சேமிப்பறையில் வாங்கிக்கொண்டார்கள்.

திறப்பு விழா ஒரு புதன்கிழமை காலை, மூன்றாவது மாடிக் கூடத்தில், வார்டு வாசலுக்கு நேர் எதிரே. தரையில் சிவப்புக் கம்பளம். கூடத்தில் எப்போதும் நிற்கும் ஸ்ட்ரெச்சர்கள் பார்வைக்கு நன்றாக இல்லை என்று பின்கட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நடுவில் குழுவுக்காக நான் செய்த பெரிய வண்டி, அதில் திருகாணி போட்டு முடுக்கிய மெஷின், வெள்ளைப் பெயின்ட், ரிப்பன், குழுவினர் பதினொரு பேரின் பெயரைப் பொறித்த பித்தளைத் தகடு. என் பெயர் இல்லை, அதற்காக நான் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். பார்ப்பதற்கு அது கொஞ்சம் கல்யாண மேடை போல இருந்தது.

இயக்குநர் பேசினார். "இந்த வண்டியைப் பாக்கும்போது எனக்கு ஒண்ணுதான் தோணுது. ஒரு காலத்துல நோயாளியை நோக்கி நாம ஓடினோம். பதறினோம். இன்னிக்கு நாம நின்னு நிதானமாச் செயல்படுற நிலைக்கு வந்திருக்கோம். இந்த வண்டி நிற்குது பாருங்க, எவ்வளவு கம்பீரமா நிற்குது!"

அப்போது வார்டுக்குள்ளிருந்து விசில் சத்தம் கேட்டது. நீளமான ஒற்றை விசில். நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. மாமனார் அப்படி ஊதமாட்டார். உள்ளே ஓடினேன். தையல்காரரின் கட்டிலுக்குப் புதிதாக வந்திருந்தவர், மாமனாரின் கழுத்திலிருந்த விசிலைத் தன் வாயில் வைத்து, கண்ணில் நீர் வழிய ஊதிக்கொண்டிருந்தார். மாமனாரின் முகம் ஏற்கெனவே நீலம் பாரித்துவிட்டது. தலைமை நர்ஸ் நெஞ்சை அழுத்த ஆரம்பித்திருந்தாள்.

"மெஷின்!" என்று கத்தினாள்.

நான் வெளியே ஓடி ரிப்பனோடு சேர்த்து வண்டியைத் தள்ளினேன். வண்டி அழகாகத்தான் உருண்டது, என் சக்கரங்கள். வாசலில் ரப்பர் மோதி நின்றது. ஐந்து சென்டிமீட்டர் இடித்தது. மெஷினைப் பிடித்து இழுத்தேன். எட்டுத் திருகாணியும் அசையவில்லை. ரிப்பன் வெட்டத் தட்டில் வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்து நெம்பினேன், கத்தரி ஒடிந்தது. "சாவி! சாவியைக் கொண்டுவாங்க!" என்று கத்தினேன். சேமிப்பறைக்காரர் விழாவுக்குத்தான் வந்திருந்தார். உறையின் முத்திரையை உடைக்க ரெண்டு கையெழுத்து வேண்டும் என்று சொல்லிக்கொண்டே, பாவம், அவரும் படியில் ஓடினார்.

தலைமை நர்ஸ்தான் முடிவெடுத்தாள். குளியலறைக் கதவைக் காலால் தள்ளி, அந்தக் கழித்துப்போட்ட நாற்காலியை இழுத்தாள். நானும் அவளும் மாமனாரைத் தூக்கி உட்காரவைத்தோம். தலை சாயாமலிருக்க பேண்டேஜ் துணியால் ரெண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினாள். கால்கள் தரையில் இழுபட, கீச்கீச்சென்று வார்டின் நீளம் முழுக்க ஓடினோம். வாசலில் வண்டியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, சிவப்புக் கம்பளத்தில் அவரைக் கிடத்தினோம். அவள் மறுபடியும் நெஞ்சை அழுத்தினாள்.

திரை ஒளிர்ந்தது. நோயாளி எண் கேட்டது. போட்டேன். அனுமதித்தவர் யார் என்று கேட்டது. இயக்குநரின் பெயரைப் போட்டேன், பக்கத்தில் நின்றவர் மறுக்கவில்லை. பயன்படுத்தக் காரணம் என்ன என்று கேட்டது. "இதயம் நின்றுவிட்டது" என்று தட்டினேன். "காரணம் போதுமானதல்ல. குறைந்தது ஐம்பது எழுத்துகள் தேவை" என்று வந்தது.

கணினிப் பிரிவுத் தலைவி கையைப் பிசைந்துகொண்டு, "கொஞ்சம் விரிவா எழுதுங்க, விரிவா எழுதுங்க" என்று அழுதாள். நான் என்ன எழுதினேன் என்பது பின்னால் விசாரணை அறிக்கையில் இருந்தது. "இவர் என் மாமனார் இவர் இதயம் நின்றுவிட்டது ஐயோ சீக்கிரம் தயவுசெய்து தயவுசெய்து தயவுசெய்து". ஏற்றுக்கொண்டது. மெஷினுக்குக் கரண்ட் வந்தது.

ரெண்டாவது ஷாக்கில் இதயம் திரும்பியது. தட்டு விழுந்த அந்தச் செவ்வாய்க்கிழமை நாற்பது நொடி. இந்தப் புதன்கிழமை ஒன்பது நிமிடம்.

அறிக்கை மூன்று வாரத்தில் வந்தது. புதிய ஊர்தி தன் முதல் நாளிலேயே ஓர் உயிரைக் காத்ததைக் குழு பெருமையுடன் பதிவு செய்தது. பதிவு முடிந்ததிலிருந்து ஷாக் வரை ஆன நேரம் பதினொரு நொடி, இது உலகத்தரம். பதிவுக்கு முந்தைய நேரம் பதிவில் இல்லை. நோயாளியே ஊர்தியிடம் வந்துவிடுவது சாத்தியம் என்று நிரூபணமாகிவிட்டதால், பாதுகாப்பை முன்னிட்டு ஊர்தியின் சக்கரங்களை அகற்றலாம் என்று பாதுகாப்பு அதிகாரி பரிந்துரைத்திருந்தார். கழிக்கப்பட்ட நாற்காலி எப்படி வார்டுக்குள் இருந்தது என்று தலைமை நர்ஸிடம் விளக்கம் கேட்டு, அவளைத் துணி வெளுக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். எனக்கு ஒரு கடிதம் வந்தது. நோயாளிகளை ஊர்திக்குக் கொண்டுவர இன்னொரு ஊர்தி வடிவமைக்க ஆலோசனைக் குழு அமைக்கப்படுகிறது, ஸ்டூல் தயாராக இருக்கிறது என்ற பொருளில்.

நான் ஒரே ஒரு வேண்டுகோள் எழுதினேன். கழித்த நாற்காலியைக் குப்பைக்கு அனுப்பாமல் எனக்குக் கொடுங்கள் என்று. கொடுத்தார்கள்.

தீப்பெட்டி அளவு கருவியை மாமனாரின் நெஞ்சில் வைத்தார்கள். விழாவில் பிழைத்தவர் என்பதால் வரிசையில் முன்னே தள்ளிவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஒரு போட்டோ எடுக்கவேண்டும் என்றார் துணை இயக்குநர். நாற்காலிக்குக் கால் பலகை இரண்டும் செய்து மாட்டி, இடது சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக் கொண்டு போயிருந்தேன். அதில் மாமனாரை உட்காரவைத்துப் பெரிய வண்டியின் பக்கத்தில் நிறுத்தினோம். குழு பின்னால் நின்றது. மாமனார் எல்லோரையும் நிமிர்ந்து பார்த்தார், நிறையப் பேர் ஒரே இடத்தில் நிற்பது அவருக்குப் பழக்கமான காட்சி.

"உள்ள போங்க, உள்ள போங்க. படியில நிக்காதீங்க" என்றார்.

இயக்குநர் சிரித்தார். "பாருங்க, எவ்வளவு தெம்பாப் பேசுறார்!" போட்டோ எடுத்தார்கள்.

நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு லிஃப்டுக்கு வந்தேன். மனைவி ஃபிளாஸ்க்கும் போர்வையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். மாமனார் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். பத்து வருடமாக மாப்ளே என்று கூப்பிட்டவர். கண்ணில் மரியாதை இருந்தது, என்னைத் தெரிந்த அடையாளம் இல்லை.

"எங்க சார் போகணும்?"

மனைவி லிஃப்டின் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவின் பெயரைச் சொன்னேன். அவர் வீடும் அதே தெருதான், நாலு வாசல் தள்ளி, நாற்பது வருடமாக.

அவர் யோசித்தார். விரலால் தொடையில் ஏதோ கணக்குப் போட்டார். பிறகு, தெரியாத ஆளிடம் வருத்தத்தோடு சொல்வதுபோலச் சொன்னார்:

"அங்க வண்டி நிக்காதே சார்."

லிஃப்ட் வந்தது. கதவு நூறு சென்டிமீட்டர், நாற்காலி அறுபத்திரண்டு. நான் ஏற்கெனவே அளந்துவிட்டேன். உள்ளே தள்ளியதும் மாமனார் விசிலை எடுத்து ரெண்டு தடவை ஊதினார்.